ஓஹியோ ஆற்றின் இரு கரைகளிலும்

புதன், சின்சினாட்டி

மழை ஓய்ந்த மறுநாள் என்பதால் ஓஹியோ ஆறு கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் நின்றது வடகரை, ஓஹியோ மாநிலம். எதிரே தெரிந்த கோவிங்டன் ஊர் கென்டக்கியில் இருக்கிறது. இந்த ஆற்றுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று 1787இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். தென்கரையில் 1865 டிசம்பர் வரை மனிதரை மனிதர் விலைக்கு விற்றார்கள். இடையில் இருப்பது தண்ணீர் மட்டும்தான்.

கொலம்பஸில் இருக்கும் அக்காதான் கார் ஓட்டுகிறாள். பத்தாம் வகுப்பு முடித்த அவள் மகளும் கூட வந்திருக்கிறாள். வடக்கு அடிமை முறையை எதிர்த்தது, தெற்கு ஆதரித்தது என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது பள்ளிக்கூட வழக்கம். அந்த வரிக்குள் அடங்காத ஊர்களாகப் பார்த்து ஒரு பாதை போட்டோம். ஆற்றோரமாகக் கிழக்கே ரிப்ளி, அங்கிருந்து ஆற்றைக் கடந்து கென்டக்கிக்குள் லெக்சிங்டன், பெரியா, கடைசியில் லூயிவில். தினமும் இரவு எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன்.

முதலில் போனது ஆற்றங்கரையில் 2004இல் திறந்த சுதந்திர மையம். உள்ளே ஒரு பெரிய கூடத்தின் நடுவில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய இரண்டு மாடி வீடு ஒன்று நிற்கிறது. 21 அடிக்கு 30 அடி. கென்டக்கியின் மேசன் கவுன்ட்டியில் புகையிலைக் கொட்டகை ஒன்றுக்குள் மறைந்து கிடந்ததைப் பிரித்து, இங்கே கொண்டுவந்து அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். 1830களில் ஜான் ஆண்டர்சன் என்ற வியாபாரி, வாங்கிய மனிதர்களை அடைத்துவைத்த பட்டி அது. மேல்மாடி உத்திரத்தில் இரும்பு வளையம் இன்னும் இருக்கிறது. ஆண்களை அதில் சங்கிலியால் பிணைத்துவைப்பார்கள். போதுமான ஆள் சேர்ந்ததும் மிசிசிப்பியின் நாச்செஸ் சந்தைக்கு நடத்திக்கொண்டு போவார்கள். கென்டக்கியில் வாங்கிய விலைக்கும் நாச்செஸில் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் லாபம். பருத்திக் காடுகள் தெற்கே விரிய விரிய இந்த லாபமும் கூடிக்கொண்டே போனது.

வாசலில் கதவு இல்லை, யாரும் உள்ளே போகலாம். அக்கா மகள் உள்ளே போய்த் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

இப்போது வடகரையைப் பற்றி. அடிமைகள் இல்லாத இந்த ஓஹியோவில் 1807இல் ஒரு சட்டம் இருந்தது. கறுப்பினத்தவர் யாராவது குடியேற வந்தால் 500 டாலருக்கு ஜாமீன் காட்ட வேண்டும். 1829இல் அந்தச் சட்டத்தைக் கடுமையாக அமல்படுத்தப் போவதாக நகர நிர்வாகம் அறிவித்தது. கூடவே வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தார் குடியிருப்பைத் தாக்கியது. ஆயிரம் பேருக்கு மேல் ஊரைவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கனடாவில் வில்பர்ஃபோர்ஸ் என்ற குடியிருப்பை அமைத்தார்கள்.

1836இல் ஜேம்ஸ் பர்னி இங்கே அடிமை ஒழிப்புப் பத்திரிகை நடத்தினார். கென்டக்கியில் பிறந்தவர், அலபாமாவில் அடிமைகளை வைத்திருந்தவர், பிறகு மனம் மாறி அவர்களை விடுவித்தவர். ஜூலை மாத இரவொன்றில் கும்பல் அவர் அச்சகத்தை உடைத்து, இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போய் இதே ஆற்றில் தள்ளியது. நகரத்தின் பெரிய வியாபாரிகளுக்கு அந்தப் பத்திரிகை அடியோடு பிடிக்கவில்லை. பன்றி இறைச்சி, மாவு, இயந்திரங்கள் எல்லாம் தெற்கே போய் விற்றால்தான் இந்த ஊர் பிழைக்கும். வாடிக்கையாளரின் மனம் கோணக்கூடாது என்ற கவலை அவர்களுக்கு. ஒரு மனிதரைக்கூட விலைக்கு வாங்காமல் அடிமை முறையால் வயிறு வளர்த்தவர்கள் என்று இவர்களைத்தான் சொல்வேன்.

வியாழன், வால்நட் ஹில்ஸ்

மேட்டுப் பகுதி. லேன் இறையியல் கல்லூரி இருந்த இடத்தில் இப்போது பழைய கட்டடங்கள் இல்லை. அதன் தலைவர் லைமன் பீச்சர் குடியிருந்த வீடு மட்டும் நிற்கிறது. அவர் மகள் ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் பெயரில் அதைப் பராமரிக்கிறார்கள். 1852இல் வந்து ஒரே வருடத்தில் மூன்று லட்சம் பிரதிகள் விற்ற, அடிமை முறையை எதிர்த்த 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலை எழுதியவர். பதினெட்டு வருடங்கள் சின்சினாட்டியில் வாழ்ந்தவர்.

எனக்கு அந்த வீட்டைவிட அந்தக் கல்லூரியில் 1834 பிப்ரவரியில் நடந்த விவாதம் முக்கியம். பதினெட்டு இரவுகள் மாணவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். கேள்விகள் இரண்டு: அடிமைகளை உடனே விடுவிக்க வேண்டுமா? விடுவித்தவர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவைக்கும் திட்டத்தைக் கிறிஸ்தவர்கள் ஆதரிக்கலாமா? தெற்கே அடிமைகளை வைத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். தியடோர் வெல்டு என்ற மாணவர்தான் முன்னின்று நடத்தினார். ஜேம்ஸ் பிராட்லி என்பவர் எழுந்து பேசினார். குழந்தையாக ஆப்பிரிக்காவில் பிடிபட்டு வந்தவர். இரவு இரவாக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் தன்னைத் தானே விலைக்கு வாங்கி விடுதலையானவர். முடிவில் கிட்டத்தட்ட எல்லோரும் உடனடி விடுதலைக்கே வாக்களித்தார்கள்.

அதுவரைகூடக் கல்லூரி நிர்வாகம் பொறுத்துக்கொண்டது. மாணவர்கள் பேச்சோடு நிற்காமல் நகரத்துக் கறுப்பினத்தார் பகுதிக்குப் போய்ப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், அவர்கள் வீடுகளில் தங்கினார்கள், தெருவில் சேர்ந்து நடந்தார்கள். அப்போதுதான் தடை வந்தது. பெரும்பாலான மாணவர்கள் வெளியேறினார்கள். பலர் ஓபர்லின் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார்கள். அடிமை முறை பாவம் என்று லைமன் பீச்சரும் நம்பினார். ஆனால் மெதுவாக விடுவித்து, பிறகு கப்பலேற்றி அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் வழி. கறுப்பினத்தாரோடு சேர்ந்து நடப்பது அந்த வழியில் இல்லை.

மதியத்துக்கு மேல் ஆற்றோரமாகவே நடந்தோம். 1856 ஜனவரியில் ஆறு உறைந்து கிடந்தது. கென்டக்கியின் பூன் கவுன்ட்டியிலிருந்து மார்கரெட் கார்னர் என்ற பெண் கணவனோடும் குழந்தைகளோடும் இரவில் பனிக்கட்டி மேல் நடந்து இந்தக் கரைக்கு வந்தார். மறுநாள் காலையிலேயே தேடி வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்துவிட்டார்கள். மீண்டும் அடிமையாகப் போகக்கூடாது என்று தன் இரண்டு வயது மகளைத் தன் கையாலேயே கத்தியால் கொன்றார். மற்ற குழந்தைகளுக்கும் அதையே செய்ய முயன்றபோது பிடித்துவிட்டார்கள்.

வழக்கறிஞர் ஜான் ஜோலிஃப் அவருக்காக வைத்த வாதத்தைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. இவரைக் கொலைக் குற்றத்துக்காக ஓஹியோவில் விசாரியுங்கள் என்று கேட்டார். கொலை வழக்கு என்றால் மார்கரெட் ஒரு மனுஷி, குழந்தையும் ஒரு உயிர். 1850ஆம் வருடத் தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி பார்த்தால் அவர் உரிமையாளரிடம் திரும்ப வேண்டிய சொத்து. தூக்குமேடை ஏறக்கூடும் என்று தெரிந்தும் அவருக்காகப் பேசியவர்கள் கொலை விசாரணையைக் கேட்டார்கள். மத்திய அரசின் சட்டமே வென்றது. மார்கரெட்டைத் திருப்பி அனுப்பினார்கள். தெற்கே கொண்டுபோகும் வழியில் படகு விபத்தில் அவர் கைக்குழந்தை ஆற்றில் மூழ்கிப்போனது. அவர் 1858இல் மிசிசிப்பியில் காய்ச்சலில் இறந்தார். அடிமை முறை ஒரு தாயை எந்த நிலைக்குத் தள்ளுகிறது பாருங்கள் என்று ஒரு பக்கப் பத்திரிகைகள் எழுதின. இவர்கள் மிருகங்கள் என்பதற்கு இதுவே சாட்சி என்று மறுபக்கம் எழுதின. செய்தி ஒன்றுதான்.

இதே ஊரில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த லீவை காஃபின் ஒரு கடை நடத்தினார். அடிமைகள் உழைக்காத பருத்தி, சர்க்கரை மட்டுமே அங்கே கிடைக்கும். சரக்குக் கிடைப்பது கஷ்டம், விலையும் கூடுதல், கடை லாபத்தில் ஓடவில்லை. ஆனாலும் பத்து வருடம் போல நடத்தினார். தப்பி வந்தவர்களை ஒளித்து வடக்கே அனுப்பும் வேலையும் கூடவே நடந்தது. அக்கா மகளுக்கு இந்தக் கடைக்காரரைத்தான் ரொம்பப் பிடித்துப்போனது.

வெள்ளி, ரிப்ளி

ஆற்றோரச் சாலையில் கிழக்கே ஐம்பது மைல். சின்ன ஊர். ஆற்றைப் பார்த்தபடி ஒரு தெரு, அதன் பின்னால் செங்குத்தாக எழும்பும் குன்று, குன்றின் உச்சியில் செங்கல் வீடு. அது பாதிரியார் ஜான் ரேங்கினுடையது. கீழிருந்து மேலே வரை படிக்கட்டு போட்டிருக்கிறார்கள். நாங்கள் மூச்சு வாங்க ஏறினோம். அன்று இதே குன்றில் இருட்டில், ஈரத் துணியோடு, கையில் குழந்தையோடு ஏறியிருக்கிறார்கள்.

மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் ஆறும் கென்டக்கிக் கரையும் முழுசாகத் தெரிகின்றன. அந்தக் கரையிலிருந்து பார்த்தாலும் இந்த வீடு தெரியும். இரவில் இங்கே விளக்கு வைப்பார்கள். விளக்கு தெரிந்தால் வரலாம். ரேங்கினுக்கும் மனைவி ஜீனுக்கும் பதிமூன்று பிள்ளைகள்; பையன்கள் குதிரைகளைத் தயாராக வைத்திருந்து, வந்தவர்களை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். இப்படி வீடு வீடாகக் கைமாற்றிக் கனடா வரை சேர்ப்பதைத்தான் 'அண்டர்கிரவுண்ட் ரயில்ரோடு' என்றார்கள். 1838 குளிர்காலத்தில் இளகிக்கொண்டிருந்த பனிக்கட்டிகள் மேல் குழந்தையோடு தாவி வந்த ஒரு பெண்ணுக்கு இந்த வீட்டில்தான் இடம் கிடைத்தது. ஸ்டோவின் நாவலில் வரும் அந்தக் காட்சிக்கு மூலம் அவர்தான்.

ரேங்கின் வடக்கே பிறந்தவர் இல்லை. டென்னசிக்காரர். அங்கே அடிமை முறைக்கு எதிராகப் பிரசங்கம் செய்ததால் இருக்க முடியாமல் கிளம்பியவர். வர்ஜீனியாவில் வியாபாரம் செய்த அவர் தம்பி தாமஸ் அடிமைகளை வாங்கியிருக்கிறார் என்று செய்தி வந்தது. அண்ணன் திட்டிவிட்டு உறவை முறித்துக்கொள்ளவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கடிதம் எழுதினார். உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த அக்கடிதங்கள் 1826இல் புத்தகமாகவும் வந்தன. கறுப்பினத்தார் தாழ்ந்தவர்களாகப் படைக்கப்பட்டார்கள் என்ற வாதம், பைபிளே அனுமதிக்கிறது என்ற வாதம், நல்ல எஜமானரிடம் அவர்கள் சௌக்கியமாகத்தானே இருக்கிறார்கள் என்ற வாதம் எல்லாவற்றையும் எடுத்துவைத்துத் தம்பிக்குப் பதில் சொன்னார். தம்பி பின்னால் தன் அடிமைகளை விடுவித்துவிட்டு ஓஹியோவுக்கே வந்து சேர்ந்தார். வில்லியம் லாயிட் காரிசன் போன்ற பெரிய ஒழிப்பாளர்கள் இந்தக் கடிதங்களைப் போற்றினார்கள்.

"ஒரு ஆளை மாத்த ஒரு புத்தகம் எழுதியிருக்கார்" என்றாள் அக்கா. "தம்பின்னா அப்படித்தான்."

கீழே ஆற்றோரத் தெருவில் ஜான் பார்க்கரின் வீடு. ரேங்கினைப் பற்றி எழுதுகிறவர்கள் பார்க்கரை இரண்டாவதாகச் சொல்வார்கள். நான் அவருக்குக் கூடுதல் இடம் கொடுக்கிறேன். 1827இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் பிறந்தவர். எட்டு வயதில் தாயிடமிருந்து பிரித்து விற்றார்கள். ஒரு முதியவரோடு சங்கிலியில் பிணைத்து ரிச்மண்டுக்கு நடத்தினார்கள். அங்கிருந்து அலபாமாவின் மொபீல். அங்கே இரும்பு வார்ப்பு வேலை கற்று, கூலியில் மிச்சம் பிடித்து, 1845இல் 1,800 டாலர் கொடுத்துத் தன்னை வாங்கிக்கொண்டார். ரிப்ளிக்கு வந்து சொந்தமாக வார்ப்படச் சாலை வைத்தார். புகையிலை அழுத்தும் இயந்திரம், மண் கட்டி உடைக்கும் கருவி இரண்டுக்கும் அவர் பெயரில் காப்புரிமை உண்டு.

ரேங்கின் குடும்பம் கரையேறி வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது. பார்க்கர் பகலில் உலையில் நின்றுவிட்டு, இரவில் தானே படகெடுத்து அக்கரைக்குப் போய் ஆட்களைக் கூட்டி வந்தார். பிடிபட்டால் ரேங்கினுக்குச் சிறை. பார்க்கர் பிடிபட்டால் மறுபடி அடிமை, அல்லது மரணம்.

ஒரு சம்பவத்தை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அக்கரையில் ஒரு தம்பதி தப்பிக்கத் தயாராக இருந்தார்கள். எஜமானருக்குச் சந்தேகம் வந்து, அவர்களுடைய கைக்குழந்தையைத் தினமும் இரவு தன் கட்டிலின் கால்மாட்டில் கிடத்திக்கொண்டார். குழந்தை இல்லாமல் அவர்கள் எங்கே போய்விடுவார்கள்? பக்கத்தில் எரியும் மெழுகுவர்த்தி, துப்பாக்கி. பார்க்கர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் தவழ்ந்து போய்க் குழந்தையைத் தூக்கினார். எஜமானர் விழித்துவிட்டார். இருட்டில் ஓடிப் படகில் ஏறி, துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே நால்வரும் இக்கரை சேர்ந்தார்கள். இப்படிப் பல நூறு பேரை அவர் கொண்டுவந்திருக்கிறார்.

இவ்வளவும் நடந்தது அடிமை முறை இல்லாத ஓஹியோவில்தான். ஆனால் ரிப்ளி முழுக்க ஒழிப்பாளர்களின் ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். பிடித்துக்கொடுத்தால் பரிசு கிடைக்கும் என்று காத்திருந்தவர்களும் இதே தெருவில்தான் இருந்தார்கள்.

பக்கத்து ஜார்ஜ்டவுனில் வளர்ந்த யுலிசிஸ் கிராண்ட் இங்கே ரேங்கினின் பள்ளியில் கொஞ்சகாலம் படித்தார். உள்நாட்டுப் போரை வென்ற தளபதி, பிறகு ஜனாதிபதி. அவர் அப்பாவுக்கு அடிமை முறை ஆகாது. கிராண்ட் 1848இல் கட்டியது மிசௌரியில் அடிமைகளை வைத்திருந்த வீட்டுப் பெண்ணை. அந்தக் கல்யாணத்துக்குப் பெற்றோர் போகவில்லை. இந்தக் கேள்வி அன்று பல குடும்பங்களைச் சமையலறை வரை பிரித்திருக்கிறது.

சனி, லெக்சிங்டன்

நேற்று மாலையே பாலத்தைக் கடந்து மேஸ்வில் வழியாகக் கென்டக்கிக்குள் வந்துவிட்டோம். பச்சைப் புல்வெளிகள், வெள்ளை வேலிகள், குதிரைப் பண்ணைகள். பார்க்கக் கண் குளிர்ந்தது. 1860 கணக்கெடுப்பில் இந்த மாநிலத்தில் 2,25,483 அடிமைகள், 38,645 உரிமையாளர்கள். மிகப் பெரிய பண்ணைகள் குறைவு; நாலைந்து பேரை வைத்திருந்தவர்களே மிகுதி. கென்டக்கிக்காரர்கள் அன்று அடிக்கடி சொன்னது, எங்கள் ஊரில் அடிமை முறை மென்மையானது என்பது. அந்தப் பேச்சை நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சீப்சைடு சதுக்கத்தில் நின்று யோசித்துப் பார்த்தேன். கென்டக்கியின் மிகப் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று இங்கேதான் நடந்தது. லூயிஸ் ரோபார்ட்ஸ் என்ற தரகர் இளம்பெண்களைத் தனி அறைகளில் வைத்து, வந்தவர்களுக்குக் காட்டி விற்றார். உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தெற்கு மாநிலக் கூட்டமைப்பின் தலைவர்கள் இருவருக்கு இங்கே இருந்த சிலைகளை 2017இல் அகற்றி, பிறகு கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டார்கள். இப்போது பூங்காவுக்கு ஹென்றி டேண்டி பெயர். அடிமையாகப் பிறந்து, இந்த ஊரின் பெரிய கட்டடங்களை எழுப்பியவர்.

ஆஷ்லாந்து பண்ணையில் அரை நாள் போனது. ஹென்றி கிளேயின் வீடு. மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றவர், சமரசங்களின் வித்தகர், லிங்கன் தன் ஆதர்சமாகக் கொண்டாடிய அரசியல்வாதி. அடிமை முறை ஒரு பெருந்தீமை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார். வாழ்நாள் முழுக்க அடிமைகளையும் வைத்திருந்தார். 1816இல் தொடங்கிய அமெரிக்கக் குடியேற்றக் கழகத்தின் முதல் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர், 1836 முதல் சாகும்வரை அதன் தலைவர். விடுதலையானவர்களை ஆப்பிரிக்காவில் குடியேற்றுவது கழகத்தின் நோக்கம். லைபீரியா அப்படி உருவானதுதான். அடிமைத்தனம் வெட்கக்கேடு என்று வருந்தியவர்கள், விடுதலையானவர்கள் பக்கத்தில் இருந்தால் தொல்லை என்று பயந்த எஜமானர்கள் இரு தரப்பும் அதில் கைகோத்தார்கள். கறுப்பினத்தாரோ 1817இலேயே ஃபிலடெல்ஃபியாவில் பெருந்திரளாகக் கூடி, இது எங்கள் நாடு, போகமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைத்தான் யாரும் கேட்கவில்லை. 1862 ஆகஸ்டில்கூட லிங்கன் கறுப்பினத் தலைவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, வேறு நாட்டுக்குப் போவதே நல்லது என்றார்.

கிளேயின் உயிலில் 1850 ஜனவரி 1க்குப் பிறகு பிறக்கும் அடிமைக் குழந்தைகளுக்கு விடுதலை உண்டு: ஆணுக்கு 28 வயதில், பெண்ணுக்கு 25 வயதில். பிறகு லைபீரியாவுக்குக் கப்பல். விடுதலையையும் தள்ளிப்போட்டு, ஊரையும் விட்டுத் துரத்தும் கருணை இது.

இந்த வீட்டின் அடிமைப் பெண் ஷார்லட் டுப்யூ சும்மா இருக்கவில்லை. கிளே வெளியுறவுச் செயலராக வாஷிங்டனில் இருந்தபோது, 1829இல், தன் எஜமானர் மீதே விடுதலை கேட்டு வழக்குப் போட்டார். தோற்றார். கென்டக்கிக்குத் திரும்ப மறுத்ததால் சிறையில் வைத்தார்கள். 1840இல் கிளே அவரையும் அவர் மகளையும் விடுவித்தார்.

லூயிஸ் ஹேடனும் இந்த ஊர்க்காரர். சிறுவனாக இருந்தபோது அவரை ஒரு ஜோடி வண்டிக் குதிரைகளுக்குப் பதிலாக மாற்றிக்கொண்டார்கள். விற்றவர் ஒரு பாதிரியார், பெயர் ஆடம் ரேங்கின். நேற்று ஒரு ரேங்கின் பாதிரியார் வீட்டில் இருந்தோம்! தன் முதல் மனைவியையும் மகனையும் வாங்கித் தெற்கே விற்றவர் ஹென்றி கிளே என்று ஹேடன் பின்னால் ஊரறியச் சொன்னார். 1844இல் டெலியா வெப்ஸ்டர் என்ற ஆசிரியையும் கால்வின் ஃபேர்பேங்க் என்ற பாதிரியாரும் ஹேடனையும் அவருடைய இரண்டாம் மனைவியையும் பையனையும் வண்டியில் ஏற்றி ரிப்ளி வழியாகத் தப்பவைத்தார்கள். ஃபேர்பேங்க்குக்குப் பதினைந்து வருடச் சிறை. பாஸ்டனில் நிலைபெற்ற ஹேடன் 650 டாலர் திரட்டிக் கொடுத்து, 1849இல் ஃபேர்பேங்க்கை வெளியே கொண்டுவந்தார். விடுதலை வாங்கிக் கொடுத்தவருக்குத் திருப்பி விடுதலை வாங்கிக் கொடுத்தார் ஹேடன். இந்தப் பயணத்தில் எனக்கு மனம் நிறைந்த செய்தி இதுதான்.

ஞாயிறு, கேம்ப் நெல்சன், பெரியா

லெக்சிங்டனுக்குத் தெற்கே இருபது மைலில் கேம்ப் நெல்சன். உள்நாட்டுப் போரில் வடக்கின் ராணுவ முகாம். கென்டக்கி பிரிந்து போகாமல் வடக்கோடு நின்ற அடிமை மாநிலம், அதனால் பிரிந்துபோன மாநிலங்களின் அடிமைகளுக்கு மட்டும் விடுதலை என்று 1863 ஜனவரியில் வந்த லிங்கனின் விடுதலைப் பிரகடனம் இங்கே செல்லாது. ராணுவத்தில் சேர்ந்தால் மட்டும் ஆணுக்கு விடுதலை. பத்தாயிரம் கறுப்பின வீரர்கள் இந்த ஒரு முகாமில் சேர்ந்தார்கள். மனைவி மக்கள் சட்டப்படி அடிமைகளாகவே இருந்தார்கள். எஜமானர் சும்மா விடமாட்டாரே என்று குடும்பங்களும் கூடவே முகாமுக்கு வந்தன.

1864 நவம்பர் கடைசி வாரம், உறையவைக்கும் குளிர். தளபதி ஸ்பீட் ஃப்ரை உத்தரவில் நானூறு பெண்களையும் குழந்தைகளையும் வண்டிகளில் ஏற்றி வெளியே தள்ளினார்கள்; குடிசைகளை இடித்தார்கள். 102 பேர் இறந்தார்கள். ஜோசப் மில்லர் என்ற வீரர் கொடுத்த சத்தியப் பிரமாணம் இருக்கிறது. நோயாளி மகனை வெளியே கொண்டுபோனால் செத்துவிடுவான் என்று காவலாளியிடம் கெஞ்சியிருக்கிறார். வண்டியில் ஏறாவிட்டால் சுட்டுவிடுவேன் என்று பதில். இரவு ஆறு மைல் நடந்து போய்ப் பார்த்தபோது பையன் இறந்துகிடந்தான். அன்றிரவே முகாமுக்குத் திரும்பிவிட்டு, மறுநாள் காலையில் மறுபடி நடந்து போய், தானே குழி வெட்டிப் புதைத்தார். அடுத்த சில வாரங்களுக்குள் அவர் மனைவியும் மற்ற பிள்ளைகளும், கடைசியில் அவரும் இறந்துபோனார்கள். இப்படிப் பட்டவர்களின் வாக்குமூலங்கள் பத்திரிகைக்கும் வாஷிங்டனுக்கும் போனதால்தான், வீரர்களின் மனைவி மக்களையும் விடுவிக்கும் சட்டம் 1865 மார்ச்சில் வந்தது. வடக்கின் சீருடை போட்டவர்தான் அந்த வெளியேற்ற உத்தரவைக் கொடுத்தார். அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

இதே முகாமில் ஜான் ஃபீ என்ற பாதிரியார் வேலை செய்தார். பெல் மிச்செல் என்ற கறுப்பின இளம் ஆசிரியையை 1865இல் அவர் அழைத்துவந்து பொது உணவுக்கூடத்தில் எல்லோரோடும் உட்காரவைத்தார். அதிகாரிகளும் வெள்ளை ஆசிரியர்களும் எழுந்து போனார்கள். அடிமை முறையை ஒழிக்கப் போரிட்டவர்களும் உதவ வந்தவர்களும்தான் அவர்கள். ஒரே பந்தி என்றதும் எழுந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணை வேறு இடத்தில் சாப்பிட வைக்க ஃபீ ஒப்பவில்லை.

அங்கிருந்து பெரியா போனோம். வழியில் காசியஸ் கிளேயின் மாளிகையான வைட் ஹாலைக் காரில் இருந்தபடி ஒரு பார்வை பார்த்தோம். ஹென்றி கிளேயின் உறவினர், பெரும் பணக்காரர், கத்தி எடுக்கத் தயங்காதவர். 1845இல் லெக்சிங்டனில் அடிமை எதிர்ப்புப் பத்திரிகை தொடங்கி, வாசலில் இரண்டு பித்தளைப் பீரங்கிகளை நிறுத்திவைத்தார். அவர் நோயில் படுத்திருந்தபோது ஊர்ப் பெரியவர்கள் குழு அமைத்து வந்து, அச்சு இயந்திரத்தைப் பெட்டியில் கட்டிச் சின்சினாட்டிக்கு அனுப்பியது. அடிமை முறை ஏழை வெள்ளையரின் கூலியைக் கெடுக்கிறது, மாநிலத்தின் தொழிலை முடக்குகிறது என்பதே அவருடைய முதன்மை வாதம். லூயிவில்லின் கறுப்பினக் குடும்பம் ஒன்று அவர் பெயரைப் பிள்ளைக்கு வைத்தது; அந்தப் பெயர் தந்தை வழியாக வந்து சேர்ந்த மகனைத்தான் முகமது அலி என்று நாம் அறிவோம்.

காசியஸ் கிளேதான் ஃபீயை அழைத்து நிலம் கொடுத்துப் பெரியாவில் குடியமர்த்தினார். 1856 ஜூலை 4 கூட்டத்தில் இருவரும் முரண்பட்டார்கள். தப்பியோடிய அடிமைகள் சட்டம் கடவுளின் சட்டத்துக்கு எதிரானது, அதற்குக் கீழ்ப்படியக் கூடாது என்றார் ஃபீ. சட்டம் சட்டமாக இருக்கும்வரை அடங்கித்தான் ஆக வேண்டும் என்றார் கிளே. இருவரும் அடிமை முறைக்கு எதிரிகள்தான். 1859 கடைசியில், அடிமைகளை விடுவிக்க ஆயுதம் எடுத்த ஜான் பிரவுனின் கலகத்துக்குப் பிறகு, ஆயுதம் ஏந்தியவர்கள் வந்து பத்து நாள் கெடு வைத்துப் பெரியாக்காரர்களை மாநிலத்தைவிட்டே துரத்தினார்கள்.

ஃபீயின் அப்பா அடிமைகளை வைத்திருந்தவர். தன்னை வளர்த்த ஜூலியட் மைல்ஸை அப்பாவிடமிருந்து விலைக்கு வாங்கி விடுவித்தார் ஃபீ. அப்பா அவரை ஒதுக்கிவைத்தார். 1858இல் தன் பிள்ளைகளை விற்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட ஜூலியட், அவர்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றைக் கடக்கப் போய்ப் பிடிபட்டார். ஃபிராங்க்ஃபோர்ட் சிறையிலேயே 1861இல் இறந்தார். பிடிபட்ட பிள்ளைகளை விற்றுவிட்டார்கள்.

போர் முடிந்ததும் பெரியா கல்லூரி இருபாலாருக்கும் இரு இனத்துக்கும் திறந்தது. 1866–67இல் 96 கறுப்பின மாணவர்கள், 91 வெள்ளை மாணவர்கள். 1904இல் கென்டக்கி சட்டமன்றம் சேர்ந்து படிக்கத் தடை போட்டது. 1908இல் உச்ச நீதிமன்றம் அதை ஆமோதித்தது. 1950இல்தான் மறுபடி கறுப்பின மாணவர்கள் உள்ளே வந்தார்கள். மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்காத கல்லூரி இது. மரத்தடியில் உட்கார்ந்து பழைய சோறும் ஊறுகாயும் சாப்பிட்டோம். அக்கா கட்டிக் கொடுத்தது.

திங்கள்

ஓய்வு. துணி துவைத்தோம். மாலை லூயிவில் சேர்ந்தோம்.

செவ்வாய், லூயிவில்

ஃபார்மிங்டன் பண்ணை, ஸ்பீட் குடும்பத்தின் வீடு. ஏறக்குறைய அறுபது அடிமைகள் இங்கே சணல் பயிரிட்டார்கள். அந்தச் சணலில் செய்த கோணித்துணியும் கயிறும் தெற்கே பருத்திப் பொதி கட்டப் போயின. 1841இல் இளம் வழக்கறிஞர் லிங்கன் மனம் நொந்திருந்த நேரத்தில் நண்பர் ஜோஷுவா ஸ்பீடின் இந்த வீட்டில் மூன்று வாரம் போலத் தங்கினார்.

திரும்பிப் போகும்போது நீராவிப் படகில் பன்னிரண்டு அடிமைகளைப் பார்த்தார். ஆறு ஆறு பேராகச் சங்கிலியில், தூண்டில் கயிற்றில் வரிசையாகக் கோத்த மீன்களைப்போல இருந்தார்கள் என்று ஜோஷுவாவின் சகோதரி மேரிக்கு எழுதினார். குடும்பத்தைவிட்டு நிரந்தரமாகப் பிரிந்து போகிறார்கள், ஆனாலும் படகிலேயே மகிழ்ச்சியாக இருந்தவர்கள் அவர்கள்தான் என்று வியந்தார். மனைவி மேல் அளவுக்கு மீறிய பாசம் என்பதற்காக விற்கப்பட்ட ஒருவர் பிடில் வாசித்துக்கொண்டே வந்தாராம்.

பதினாலு வருடம் கழித்து, 1855 ஆகஸ்டில், அதே காட்சியை ஜோஷுவாவுக்கு நினைவுபடுத்தி எழுதினார். அது எனக்குத் தீராத வேதனையாக இருந்தது, ஓஹியோ ஆற்றைத் தொடும்போதெல்லாம் அதுபோல ஒன்றைப் பார்க்கிறேன் என்றார். அதே கடிதத்தில், உங்கள் சட்ட உரிமையை ஒப்புக்கொள்கிறேன், ஓடியவர்களை வேட்டையாடிப் பிடிப்பதைக் காண வெறுப்பாக இருக்கிறது, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறேன் என்றும் எழுதினார். அடிமை முறை கொள்கையளவில் தவறு என்று ஜோஷுவாவும் ஒப்புக்கொண்டவர்தான். உரிமையை விட்டுக்கொடுப்பதைவிட நாடு உடைவதே மேல் என்று அவர் சொன்னதற்கான பதில் அது.

"மாமா, 1841ல அவர் பொய் சொன்னாரா, 55ல சொன்னாரா?" என்று கேட்டாள் அக்கா மகள்.

இரண்டிலும் பொய் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் முதலில் முகத்தைப் பார்த்தார், பிடிலைக் கேட்டார். சங்கிலி மனதுக்குள் இறங்க வருடங்கள் ஆகியிருக்கின்றன. ரேங்கினின் தம்பிக்கும் கடிதங்கள் உறைக்க அப்படித்தான் நாளாகியிருக்கும். ஆனால் அந்தப் பதினாலு வருடமும் ஷார்லட் டுப்யூவைப் போன்றவர்கள், பார்க்கரைப் போன்றவர்கள் யார் மனம் மாறவும் காத்திருக்கவில்லை. அதை அவளிடம் சொன்னேன்.

போர் வந்தபோது ஜோஷுவா வடக்கின் பக்கம் நின்றார், லிங்கனுக்கு உண்மையாக உதவினார். விடுதலைப் பிரகடனத்தை மட்டும் வேண்டாம் என்றார். அவர் அண்ணன் ஜேம்ஸ் ஸ்பீட் அதற்கு நேர்மாறு: 1864இல் லிங்கனின் அரசுத் தலைமை வழக்கறிஞரானார். இருவரும் இதே வீட்டில் வளர்ந்தவர்கள்.

அடிமை முறையை ஒழித்த பதிமூன்றாவது திருத்தத்தைக் கென்டக்கி சட்டமன்றம் 1865 பிப்ரவரியில் நிராகரித்தது. மற்ற மாநிலங்களின் வாக்குகளால் அது டிசம்பரில் நிறைவேறிய பிறகுதான் இங்கே எஞ்சியிருந்தவர்கள் விடுதலையானார்கள். கென்டக்கி அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1976 மார்ச்சில்.

கார் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்த அக்கா நின்றுவிட்டாள்.

"எழுபத்தாறா? எனக்கு அப்ப ரெண்டு வயசுடா."